மாடியைக் காணவில்லை

காலை எட்டு மணிக்குப் போன கரண்ட் பத்தரைக்குத்தான் வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு உறுமியது. ஹால் மூலையிலிருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக நிதானமாக எரிந்தன. பாரதி, மாவுக்கட்டுப் போட்ட வலது காலை எதிர் நாற்காலியில் தலையணை வைத்து நீட்டியபடி, மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். நெட்வொர்க் என்று இருக்கும் இடத்தை அழுத்தினால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று அவளுடைய லேப்டாப். இன்னொன்று ‘மாடி’. இன்றைக்கு ஒன்றுதான் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினாள். மாடியைக் காணவில்லை.

மாடி என்பது மாடி அறையிலிருக்கும் கம்ப்யூட்டர். அவள் கணவன் பூவரசன் கல்யாண போட்டோகிராபர். இண்டூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அவன் கேமராவுக்கு முன்னால் வெட்கப்பட்டு நிற்காத மணப்பெண் குறைவு. அவன் எடுத்து வருவதைப் பொறுக்கி, வெட்டி, நிறம் திருத்தி ஆல்பமாக்குவது பாரதி. வாக்கப்பட்டு வந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள், இப்போது அவனைவிட வேகமாகச் செய்வாள். ஒன்பது வருடக் கல்யாணங்கள் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால், மொட்டை மாடியில் காயப்போட்ட நிலக்கடலையைக் கூடையில் அள்ளிக்கொண்டு இறங்கும்போது கால் பிசகி, ஐந்து படி உருண்டு, கணுக்காலுக்கு மேலே எலும்பு விட்டுப்போயிற்று. ஆறு வாரம் கட்டு. படிப்பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். பூவரசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மாடியில் இருப்பதைக் கீழே லேப்டாப்பிலேயே திறக்கிற மாதிரி செய்துவைத்தான். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே ஆன் ஆகும்படியும் செய்தான். “நீ ராணி மாதிரி கீழயே உக்காந்துக்க, எல்லாம் உன்னத் தேடி எறங்கி வரும்” என்றான். இந்த மூன்று வாரமும் இறங்கி வந்துகொண்டுதான் இருந்தது.

போன் அடித்தது. நல்லம்பள்ளிப் பச்சியப்பன். தை மாதம் மகள் வெண்மதிக்குக் கல்யாணம் செய்தவர். மாப்பிள்ளை கனடாவில் வேலை பார்ப்பவன். தாலி கட்டிப் பதினெட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவன்.

“அம்மா, வெண்மதிக்கு நாளைக்கிக் காலைல எட்டு மணிக்கு மெட்ராஸ்ல விசாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கல்யாண போட்டோ நாப்பது பிரிண்ட்டு போட்டுக் கையோட எடுத்தாரணும்னு ஏஜெண்டு இப்பதாங்க சொல்றான்.”

“ஆல்பம் இன்னும் முடியலிங்களே.”

“ஆல்பம் வேண்டாங்க, போட்டோ இருந்தா போதும். சாயந்தரம் ஆறு மணிக்கு பஸ்ஸு. இந்தத் தேதிய வுட்டா அடுத்தது அஞ்சு மாசம் கழிச்சுதானாம். புள்ள அழுதுகினு உக்காந்திருக்குதுங்க.”

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது பாரதிக்குக் கேட்டது. அந்தப் பெண்ணின் முகம் அவளுக்கு மனப்பாடம். நெற்றிச்சுட்டி இடப்பக்கம் சரிந்திருந்ததைப் படம் படமாக நிமிர்த்தியவள் அவள்தான். தர்மபுரியில் பிரிண்ட் போடும் லேபில் ஒரு மணிக்குள் அனுப்பினால் நாலு மணிக்குக் கொடுப்பார்கள். “பன்னெண்டரைக்குள்ள நான் அனுப்பிடறங்க. நீங்க நாலு மணிக்குப் போயி வாங்கிக்கங்க” என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகுதான், திரையில் ஒற்றைப் பெயர் இன்னும் ஒற்றையாகவே இருப்பது உறைத்தது.

லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். நொண்டியபடி போய் வைஃபை பெட்டியை இரண்டு தடவை அணைத்துப் போட்டாள். மாடிக்கு ஒரு நம்பர் உண்டு. அதைப் பூவரசன் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்திருந்தான். அதை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை, பதில் இல்லை என்று நான்கு வரி வந்தது. பூவரசன் விடிகாலையே ஓசூருக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்தான். மூன்றாவது முறை போன் போட்டபோதுதான் எடுத்தான்.

“ஏங்க, மாடியக் காணோம்.”

“என்னாது?” நாதஸ்வரம் அவன் குரலை அமுக்கியது.

“கம்ப்யூட்டருங்க. லேப்டாப்புல வரமாட்டேங்குது.”

“வைஃபை பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.”

“ரெண்டு தடவ பண்ணிட்டேன்.”

“நெட்வொர்க்கு பப்ளிக்ல கெடக்குதா பாரு. ப்ரைவேட்ல இருந்தாதான் ஒண்ண ஒண்ணு பாத்துக்கும்.”

“ப்ரைவேட்டுலதான் இருக்குது.”

“அப்ப போன எடுத்து, நம்ம வைஃபைல யார் யாரு இருக்காங்கன்னு லிஸ்ட்டு காட்டும் பாரு, அதுல… இரு இரு, தாலி கட்டப் போறாங்க.” போன் அவன் சட்டைப் பைக்குள் போனது. கட் பண்ண மறந்துவிட்டான். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று யாரோ கத்துவதையும், அவன் கேமரா படபடவென்று அடிப்பதையும் அவள் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டாள். அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. தாலி ஏறும் அந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டவன் போட்டோகிராபரே இல்லை என்பான்.

போனில் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அவள் போன், அவள் லேப்டாப். வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. அப்படியென்றால் மாடியில் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை. கரண்ட் வந்த வேகத்தில் ஏதாவது எரிந்து போயிருந்தால் வெண்மதி மட்டுமில்லை, ஒன்பது வருடமும் போச்சு. அந்த நினைப்பு வந்ததும் அவளால் உட்கார முடியவில்லை. மணி பதினொன்றேகால். மாடி அறைச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, வாக்கரைப் பிடித்து வெளியே வந்தாள்.

படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில். பதினெட்டுப் படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடி வைக்க வேண்டும் என்று பேசியே காலம் போய்க்கொண்டிருந்தது. நின்று ஏற முடியாது என்று தெரிந்ததும் வாக்கரைச் சாய்த்து வைத்துவிட்டு முதல் படியில் உட்கார்ந்தாள். கையிரண்டையும் மேல்படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஒரு படி ஏறினாள். கட்டுப்போட்ட கால் முன்னால் நீண்டு கிடந்தது, யாருடைய காலோ போல. சித்திரை வெயிலில் சிமெண்ட் தோசைக்கல்லாகக் கொதித்தது. சேலையை மடித்து அடியில் போட்டுக்கொண்டாள். மூன்று, நாலு. விழுந்த ஐந்தாவது படியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். எட்டாவதில் ஊன்றிய உள்ளங்கை வியர்வையில் வழுக்கிற்று. உடம்பு ஒரு பக்கம் சரிந்து, சுவரில் தோள் இடித்து நின்றது. அதற்கப்புறம் ஏறவும் தைரியம் வரவில்லை, இறங்கவும் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த உயரத்தில் உட்கார்ந்தால் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டுப் புழக்கடை தெரியும். அது பூவரசனின் அண்ணன் பிரபாகர் வீடு, இவர்களுக்குப் பெரிய வீடு. எட்டு மாதமாக அந்தப் பக்கம் பேச்சு இல்லை. பிரபாகருக்கு ஒரே மகள், பிரியதர்ஷினி. இரண்டு வீட்டுக்கும் அவள் பெயர் பாப்பாதான். அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த படத்திலிருந்து காலேஜ் கடைசி நாள் வரைக்கும் எல்லாம் பூவரசன் எடுத்தது. ஆவணியில் பாப்பாவுக்குக் கல்யாணம் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரிலிருந்து ஒரு போட்டோ குழுவை ஏற்பாடு செய்தார்கள். பிரபாகர் தம்பியைக் கூப்பிட்டு, “போட்டோவுக்கு வெளியில ஆளு சொல்லியாச்சு. நீ கேமராவத் தூக்காம சும்மா வந்து நில்லு” என்றார். பூவரசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கல்யாணத்துக்குப் போனான். மேடை ஏறவில்லை. பந்தியில் அவனுக்கென்று போட்ட இலை அப்படியே கிடக்க, சாப்பிடாமல் வந்துவிட்டான். இலையை விட்டு எழுந்து போனது பெரிய வீட்டுக்குப் பொறுக்கவில்லை. கேமராவைத் தூக்காதே என்றது இவர்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒன்றாக இருந்த இன்டர்நெட் கூட அந்த மாதத்தோடு இரண்டாயிற்று. பாரதி காலை ஒடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது, பிரபாகரின் மனைவி சசிகலா தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வரவில்லை. அதைப் பாரதி மறக்கவில்லை.

இப்போது அந்தச் சசிகலாதான் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்ற வந்தாள். நிமிர்ந்தவள் படிக்கட்டைப் பார்த்தாள். பாரதி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். எட்டாவது படியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குத் திருப்ப முகம் ஏது.

“பாரதி.”

எட்டு மாதம் கழித்து அந்தக் குரலில் தன் பெயர்.

“கம்ப்யூட்டருக்கா ஏறுற?”

“ஆமாங்க்கா.” அக்கா என்ற சொல் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டது.

சசிகலா குண்டானைக் கீழே வைத்தாள். ஏதோ தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறவள் போல இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள்.

“அதுக்கு ஏறாத. அது எங்க வூட்ல இருக்குது.”

பாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயிலில் தனக்குத்தான் காது கோளாறோ என்று நினைத்தாள்.

“அசையாத, நா வரேன்” என்று சொல்லிவிட்டு, சசிகலா வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். எட்டுப் படியும் ஏறி, பாரதியின் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து, ஒவ்வொரு படியாக உட்காரவைத்து இறக்கினாள். இறக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“எங்க டிவில ஏதாச்சும் போடலாம்னு தொறந்தா, கீழ ‘மாடி’ன்னு ஒண்ணு காட்டும். கரண்டு போய் வந்த நாள்ல மட்டும் வரும். அமுக்கிப் பாத்தா உங்க போட்டோ எல்லாம் இருந்துச்சு. மூணு வாரமா காணோம். சரி, தெரிஞ்சுபோயி மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கிக் கரண்டு வந்ததும் திரும்ப வந்துச்சு.”

கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது பாரதிக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஒரே இன்டர்நெட் இருந்த காலத்தில், இரண்டு வீட்டு டிவியிலும் படம் பார்க்கும்படி பூவரசன்தான் செய்துவைத்தான். பெரிய வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அவர்கள் வைஃபை கரண்ட் போனாலும் அணையாது. மாடி அறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் அவர்கள் ஹால். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் விழித்துப் பார்த்திருக்கிறது. தன் வீட்டுப் பெட்டி இன்னும் விளக்கு விளக்காக எண்ணிக்கொண்டிருந்தது; எதிர் வீடு எப்போதும்போல் திறந்தே இருந்தது. பழைய பாஸ்வேர்டை அதற்கு யாரும் மறக்கச் சொல்லவில்லை. அந்த வீட்டிலும் யாரும் அதை மாற்றவில்லை. இந்த மூன்று வாரமும் கரண்ட் போகாததால்தான் மாடி இடம் மாறாமல் இருந்திருக்கிறது. காலை ஒடித்துக்கொள்வதற்கு முன்னால், கரண்ட் போய் வந்த நாளிலெல்லாம் மாடியில் உட்கார்ந்து, தெரியாமலே அவர்கள் நெட்டில்தான் ஆல்பம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் எரியவில்லை. ஒன்பது வருடமும் பத்திரமாக இருக்கிறது. சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்ததைச் சசிகலா வலி என்று நினைத்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்று முதுகைத் தடவினாள்.

“அக்கா, லேப்டாப்ப எடுத்தாங்க. உங்க வூட்டுக்குப் போலாம்.”

பெரிய வீட்டு சோபாவில் உட்காரவைத்து, காலுக்கு இரண்டு தலையணை கொடுத்தாள் சசிகலா. லேப்டாப்பைத் திறந்தபோது அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. தானாகவே அந்த வீட்டு வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டது. நெட்வொர்க்கை அழுத்தினாள். இரண்டு பெயர்கள். மாடி இருந்தது. உள்ளே வெண்மதி இருந்தாள், நெற்றிச்சுட்டியும் மாலையுமாக. பாரதி நாற்பது படங்களை மளமளவென்று பொறுக்கினாள். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்பது, இரண்டு பக்கத்துச் சொந்தங்கள், கையெழுத்துப் போடுவது. பன்னிரண்டு பத்துக்கு அனுப்ப ஆரம்பித்து, பன்னிரண்டு இருபத்தைந்துக்கு முடிந்தது. ‘வந்துடுச்சு மேடம், 4 மணி’ என்று லேபிலிருந்து பதில் வந்தது. பச்சியப்பனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் போனை மகளிடம் கொடுத்துவிட்டார். “அக்கா” என்றாள் வெண்மதி. “அழுத கண்ணோட மெட்ராஸுக்குப் போவாத, முகத்தக் கழுவிட்டுச் சாப்புடு” என்று பாரதி சொன்னாள். போனை வைத்ததும் காலையிலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போனது. பசி எடுத்தது. சசிகலா கொண்டுவந்து வைத்த மோரை ஒரே மூச்சில் குடித்தாள்.

“எந்தப் போட்டோங்க்கா பாத்தீங்க?”

சசிகலா கொஞ்ச நேரம் ரிமோட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு டிவியைப் போட்டாள். கல்யாணங்களின் வரிசையில் கீழே, கடைசியில், பாரதி ஒருநாளும் திறந்து பார்த்திராத ஒன்று இருந்தது. ‘பாப்பா’.

பாப்பா கல்யாணத்தன்று பூவரசன் எடுத்த படங்கள். அவன் கேமராவை எடுத்துப்போனதே பாரதிக்குத் தெரியாது. ஒன்றுகூட மேடையிலிருந்து எடுத்ததில்லை. தூண் மறைவிலிருந்து, மாடிப்படி வளைவிலிருந்து, நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தவை. மணவறைக்குப் போகுமுன் பாப்பா குனிந்து, பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கொசு கடித்த இடத்தைச் சொறிகிறாள். மாமியார்க்காரி யாருக்கும் தெரியாமல் செருப்பைக் கழற்றி விரலை நீவிவிடுகிறாள். படங்கள் ஐந்து ஐந்து விநாடிக்கு மாறிக்கொண்டிருந்தன. பிறகு ஒன்று வந்தபோது சசிகலா ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சசிகலா நிற்கிறாள். முந்தானை வாய்க்குள். கண் இரண்டும் நிரம்பி, இன்னும் வழியவில்லை. சுற்றிலும் எல்லாக் கையும் அரிசி தூவ உயர்ந்திருக்கிறது. மஞ்சள் அரிசி அவள் முகத்துக்கு முன்னால் காற்றில் நிற்கிறது. தாலி ஏறும் நேரம். அந்த அரை நிமிடத்தில் பூவரசன் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறான்.

“பெங்களூர்க்காரங்க போட்ட ஆல்பத்துல நான் நாலு எடத்துல இருக்கேன்” என்றாள் சசிகலா. “நாலுலயும் சிரிச்சுகினு இருக்கேன்.”

பாரதி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவுரு அன்னிக்கி அப்பிடிச் சொன்னது, ஒரு நாளாச்சும் தம்பி கேமராவுக்குப் பின்னாடி நிக்காம மேடைல சித்தப்பனா நிக்கட்டும்னுதான். அத வாய்விட்டுச் சொல்லத் தெரியல அந்த மனுசனுக்கு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ வுழுந்த அன்னிக்கி ஓடி வந்திருக்கணும். கேட்டு வரைக்கும் வந்துட்டேன். கால் வரல.”

“எனக்கும் கூப்புட வாய் வரல.”

பூவரசன் போன் செய்தான். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் இரைச்சல். “என்னாச்சு? போச்சா?”

“அனுப்பிட்டங்க. கம்ப்யூட்டரு உங்க அண்ணன் வூட்டு வைஃபைல இருந்துச்சு. நானும் இங்கதான் இருக்கேன்.”

“அண்ணி இருக்காங்களா?”

“இருக்காங்க. பாப்பா போட்டோ பாத்துகினு இருக்கோம்.”

யாரோ ‘சாம்பார், சாம்பார்’ என்று அவன் அருகில் கத்திக்கொண்டு போனார்கள். “சாயந்தரம் வந்து நம்ம வைஃபைக்கு மாத்திவுட்டுடறேன்” என்றான்.

“அதுக்கொண்ணும் அவசரமில்லீங்க. மொதல்ல நீங்க சாப்புடுங்க.”

ஒரு மணிக்கு வழக்கம்போல பிரபாகர் உரக்கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தார். வாசலில் நின்ற வாக்கரைப் பார்த்துத் தயங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்தார். சோபாவில் தம்பி மனைவி. பாரதி எழுந்துகொள்ளப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் கையை மட்டும் அசைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்க வாய் திறந்திருப்பார்; அதற்குள், சசிகலா மறுபடி ஓடவிட்டிருந்த டிவியில் படம் மாறியது.

மண்டபத்துச் சமையல்கட்டு. பெரிய அண்டாவுக்கு முன்னால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய பிரபாகர், ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். மீசையில் ஒரு கொத்துமல்லி இலை. மகளைக் கட்டிக்கொடுக்கும் நாளில் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று மட்டும் கவலைப்படும் ஒரு மனிதனின் முகம்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சட்டையின் இரண்டாவது பொத்தானில் வைத்த விரல் அப்படியே இருந்தது. உள்ளே சசிகலா மூன்று தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஐந்து விநாடி ஆனதும் படம் மாறி, வாழை மரம் கட்டிய மண்டபத்து வாசல் வந்தது. பிரபாகர் பதறிப்போய் ரிமோட்டைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. பிறகு சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அதை அவளிடம் நீட்டினார்.

“இதுல பின்னாடி எப்பிடிம்மா போறது?”

பாரதி இடப்பக்கத்து அம்பைக் காட்டினாள். அவர் தடித்த கட்டைவிரலால் அதை அழுத்தினார். திரையில் மறுபடியும் சமையல்கட்டு வந்தது. அண்டாவிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்க, குழித்த கையில் ரசம் சிந்தாமல் நின்றது.